வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள், தம்பி

தம்பி, கனடாவுக்குப் புதிதாக வந்து, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாடகை எப்படி, குளிருக்கு என்ன கோட் வாங்குவது, நான்காம் வகுப்பில் சேர்ந்திருக்கும் மகன் ஆங்கிலம் பிடிக்க வீட்டில் தமிழ் கதைப்பதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் உங்கள் கட்டடத்தில் இருப்பவர்களே சொல்வார்கள். கோட்டை மட்டும் நவம்பருக்கு முன் வாங்கிவிடுங்கள். மூன்றாவதை வாசித்ததும் எனக்கு 1994 மார்கழி ஞாபகம் வந்துவிட்டது.

அந்த மாதம்தான் நாங்கள் வந்து இறங்கினோம். மகனுக்கு ஒன்பது வயது. ஊரில் கணக்கில் கெட்டிக்காரன். இங்கே மூன்று மாதம் வாயே திறக்கவில்லை, கணக்குத் தாளும் வெறுமையாக வந்தது. ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டிலும் ஆங்கிலமே கதையுங்கள் என்றார். எனக்கு அப்போது தெரிந்த ஆங்கிலம் சாப்பிடு, படு, வா என்பதற்கு மேல் போகாது. அதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் பிள்ளையை வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று அந்த வருடம் முழுக்க அவன் எனக்குச் சொல்லவே இல்லை. அந்தப் பிழையை நீங்கள் செய்யாதீர்கள்.

அடுத்த வருடம் வந்த ரீச்சர் அந்தப் பழைய தாள்களை எடுத்து வைத்து அவனோடு உட்கார்ந்தார். ஒரு கணக்கு ஐஸ் ஹொக்கி பற்றியது. மூன்று பீரியட் ஆட்டம் மொத்தம் எத்தனை நிமிடம்? ஹொக்கியில் ஒரு பீரியட் இருபது நிமிடம் என்று இங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியும். என் மகனுக்கு பீரியட் என்றால் மணி அடித்தால் முடிகிற நாற்பது நிமிடப் பாடம். ஊரில் என்ன விளையாடுவாய் என்று ரீச்சர் கேட்டார். கிரிக்கெட் என்றான். அடுத்த நாள் கரும்பலகைக்கு அவனைத்தான் கூப்பிட்டார். 7.5 ஓவர் என்றால் ஏழரை ஓவர் ஆகாது, ஏழு ஓவரும் ஐந்து பந்தும், மொத்தம் 47 பந்து என்று திக்கித் திக்கி வகுப்புக்கு விளங்கப்படுத்தினானாம். தசமமும் மீதியும் அந்த வகுப்புக்கே அன்றைக்குத்தான் பிடிபட்டது என்று ரீச்சர் பிறகு சொன்னார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, ஒரு வருடத்துக்குப் பிறகு, எனக்குத் தமிழில் கதை சொன்னான்.

பிறகு நானே ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குப் போனேன். பிள்ளைக்குத் தெரிந்ததை வைத்து இப்படிப் படிப்பிப்பதைப் பற்றி குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1995இல் 'பண்பாட்டுக்கு இயைந்த கற்பித்தல்' என்று ஒரு கோட்பாடே எழுதினார் என்று அங்கேதான் அறிந்தேன். பிள்ளை பாடத்தில் முன்னேற வேண்டும், தன் பண்பாட்டை விடக்கூடாது, அநியாயத்தைக் கேள்வி கேட்கப் பழக வேண்டும், இந்த மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்றார் அவர். நம்மவர்கள் இதை உடுப்பு, சாப்பாடு என்று நினைத்துவிடுகிறார்கள். நம் ஒன்ராறியோ மாகாணம் 2014இல் சட்டம் போட்டு ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக்கியது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஜனவரியில் வேட்டி கட்டி வடை கொடுத்துவிட்டு, பெப்ரவரியில் பிள்ளைக்குக் கணக்கு ஏன் விளங்கவில்லை என்று கேட்காமல் விட்டால் என்ன பிரயோசனம்?

இன்னொன்று. மகனை இஎஸ்எல் வகுப்பில், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கும் வகுப்பில், போட்டால் வெட்கப்பட்டு வெளியே எடுக்காதீர்கள். கனபேர் அப்படி எடுத்துவிட்டு ரியூசனுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் பல காலமாகச் சொல்லி வருவது இதுதான்: விளையாட்டு மைதான ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப் புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து வருடமாவது வேண்டும். வீட்டு மொழி பலமாக இருக்கிற பிள்ளைக்கு அது தடையில்லை, துணை என்றும் சொல்கிறார். நான் கண்டதும் அதுதான்.

பெற்றோர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். என் மகன் இரண்டு சந்திப்பிலும் "நல்லா படிக்கிறேனாம் அம்மா" என்று மட்டும்தான் சொன்னான்.

சரி, உங்கள் மகன் ஊரில் என்ன விளையாடினான், எந்தப் பாடம் பிடிக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. அதைத் தமிழிலாவது ஒரு தாளில் எழுதி, யாரையாவது கொண்டு மொழிபெயர்த்து, இந்தக் கிழமையே ரீச்சரிடம் கொடுத்துவிடுங்கள்.