மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயிலிருந்து மீள்பவர்கள்: நாலு கேள்வி, நாலு பதில்

மகனுக்கு வயது 26. மூன்று மாதமாக மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான். ஆனால் டீக்கடையில் எல்லாரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று கடைத்தெருப் பக்கமே போவதில்லை. இல்லடா என்றால் கோபம், ஆமாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. (ஒரு அம்மா, பாபநாசம்)

அம்மா, இரண்டுமே வேண்டாம். "எல்லாம் உன் பிரமை" என்று சொல்லச் சொல்ல அவன் இன்னும் நாலு ஆதாரம் தேடுவான், தலையாட்டினாலோ சந்தேகம் உறுதியாகிவிடும். சி.பி.டி. என்கிற பேச்சு சிகிச்சையில், அவனுடைய பயம் நிஜம் என்று ஏற்றுக்கொண்டு, அவன் சொல்லும் காரணத்தை மட்டும் அவனோடு சேர்ந்தே சோதித்துப் பார்ப்போம்.

இதே பயத்தோடு என்னிடம் வந்த ஒரு தம்பியிடம் நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறாய் என்று கேட்டேன், 95 என்றான். சரி, அவர்கள் வேறு எதற்குச் சிரித்திருக்கலாம் என்று அவனையே எழுதச் சொன்னேன். செல்போன் வீடியோ, யாரோ வாங்கிய கடன், மேட்டூரில் தண்ணீர் திறந்த பேச்சு என்று எழுதினான். அப்புறம் அண்ணனோடு போய் பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்து எத்தனை பேர் தன்னைப் பார்க்கிறார்கள் என்று எண்ணி வந்தான். இருந்தது 11 பேர், பார்த்தது 2 பேர், அதில் ஒருவர் "நடவு முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டிருக்கிறார். 95 அன்றைக்கு 60 ஆனது. பயம் முழுசாகப் போகவில்லைதான், ஆனால் 60-இல் ஒருவன் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்துவிடலாம்.

நீங்கள் வீட்டில் சொல்ல வேண்டியது, "அப்படித் தோணுறப்போ எவ்வளவு பயந்திருப்பே" என்பது மட்டும்தான். சோதனையை உளவியலாளர் பார்த்துக்கொள்ளட்டும்.

மாத்திரை சாப்பிட்டும் குரல் கேட்கிறது. (மன்னார்குடி, பெண், 34)

முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கலாம். மருந்து சரியாக இருந்தும் சிலருக்குக் குரல் முழுசாக நிற்பதில்லை. அவர்களுக்கு, அந்தக் குரலின் அதிகாரத்தைக் குறைப்பதுதான் சிகிச்சை. ஒரு நோட்டில் எப்போது கேட்டது, என்ன சொன்னது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். பலருக்கும் அது தனியாக இருக்கும்போதோ தூக்கம் கெட்ட நாளிலோதான் ஏறுகிறது. அந்த நேரத்தில் வாய்விட்டுப் படிப்பது, பாட்டை முணுமுணுப்பது, யாரிடமாவது பேசுவது உதவும். குரல் சொன்னதைச் செய்யாமல் விட்ட நாளில் ஏதாவது நடந்ததா என்பதையும் எழுதுங்கள், அந்த வரி ரொம்ப முக்கியம். உங்களையோ மற்றவரையோ காயப்படுத்தச் சொன்னால் நோட்டெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பேச்சு சிகிச்சை ஆரம்பித்தால் மாத்திரையை நிறுத்தலாமா? எத்தனை தடவை வர வேண்டும்?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இது மாத்திரையோடு சேர்த்துச் செய்வது. பிரிட்டனில் எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி குறைந்தது 16 அமர்வு என்கிறது. வாரா வாரம் பஸ் ஏறி வருவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில், உளவியலாளரைப் பார்க்க வேண்டும் என்று வாய்திறந்து கேளுங்கள்.

திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோவிலில் 48 நாள் தங்க வைக்கலாம் என்று மாமியார் சொல்கிறார்.

போய் வாருங்கள். நம்பிக்கையை விடச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, 48 நாளுக்கும் மாத்திரையைக் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டு, மருந்துச் சீட்டையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.