கும்பகோணத்திலிருந்து டொரொண்டோவுக்கு 360 ஜிபி

கேள்வி: கும்பகோணத்தில் திருமண ஒளிப்பதிவு செய்கிறேன். இரண்டு கேமராக்களில் எடுத்த எட்டு மணி நேர 4கே காட்சிகள், மொத்தம் 360 ஜிபி, டொரொண்டோவில் உள்ள எடிட்டருக்குப் போயாக வேண்டும். மணமக்கள் இரண்டு வாரத்தில் படத்தைக் கேட்கிறார்கள். எங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றாலும், பிரவுசரில் ஏற்றினால் நாள் கணக்கில் ஓடிப் பாதியில் அறுந்துவிடுகிறது. ஜிப் செய்தால் விரைவாகப் போகுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஸ்பீடு டெஸ்ட் ஒன்றை ஓட்டி, டவுன்லோடு எண்ணை விட்டுவிட்டு அப்லோடு எண்ணை மட்டும் பாருங்கள். 100 என்று விற்கப்படும் பல இணைப்புகளில் அது 10 ஆகத்தான் இருக்கும். எட்டு மணி நேரத்துக்கு 360 ஜிபி என்றால் உங்கள் கேமரா விநாடிக்கு 100 மெகாபிட் பதிவு செய்திருக்கிறது. 10 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 10 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் அதை அனுப்பப் படம்பிடித்த நேரத்தைப் போலப் பத்து மடங்கு, அதாவது ஒரு தடையும் வராவிட்டாலும் 80 மணி நேரம் ஆகும்.

ஜிப் உதவாது. வீடியோவைக் கேமராவே சுருக்கித்தான் பதிவு செய்கிறது என்பதால் ஜிப்பில் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். தனித்தனிக் கோப்புகளாக இருந்தவை ஒரே பெருங்கோப்பாகிவிடுவதோ பெரிய கெடுதல். உறவினர் வீட்டுக் காதணி விழாவின் 60 ஜிபி காட்சிகளை ஒரே ஜிப்பாக்கி நான் லண்டனுக்கு ஏற்றியபோது, விடியற்காலை மூன்றரை மணிக்கு 92 விழுக்காட்டில் மின்சாரம் போனது. ரௌட்டரின் பச்சை விளக்குகள் மீண்டும் எரிந்தபோது எண் பூஜ்யத்தில் நின்றது.

உங்கள் நிலையில் நான் மூலக் காட்சிகளை நகர்த்தவே மாட்டேன். டாவின்சி ரிசால்வ், பிரீமியர் ப்ரோ ஆகிய எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டிலுமே ப்ராக்ஸி எனப்படும் சிறிய நகல்களை உருவாக்கும் வசதி இருக்கிறது. விநாடிக்கு 5 மெகாபிட் அளவில் நகல் எடுத்தால் எட்டு மணி நேரக் காட்சிகளும் 18 ஜிபிக்குள் அடங்கி, உங்கள் இணைப்பிலேயே நான்கு மணி நேரத்தில் போய்விடும். எடிட்டர் அந்த நகல்களை வைத்து வெட்டி ஒட்டி முடித்துப் பிராஜெக்ட் கோப்பை மட்டும் திருப்பி அனுப்பினால், சில எம்பிதான் வரும் அந்தக் கோப்பை நீங்கள் இங்குள்ள மூலக் காட்சிகளோடு இணைத்து, முழுத் தரத்தில் படத்தை வெளியெடுக்கலாம். கோப்புப் பெயரும், காட்சியோடு பதிவாகும் நேரக் குறியீடான டைம்கோடும் மாறாதிருப்பதும், இருவரிடமும் மென்பொருளின் ஒரே பதிப்பு இருப்பதும் கட்டாயம். தாலி கட்டும் காட்சி ஒன்றை மட்டும் வைத்து இந்தச் சுற்றை ஒருமுறை முழுமையாக ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

ப்ராக்ஸிகளை அனுப்பச் சிங்க்திங் என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். அது கோப்பைச் சிறு துண்டுகளாக்கி இரு கணினிகளுக்கிடையே அனுப்புகிறது. இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஒவ்வொரு துண்டும் பழுதின்றி வந்ததா என்று தானே சரிபார்க்கிறது. இரு கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பதால், ரௌட்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டிவிடுங்கள்.

நிறத்திருத்தத்துக்கு மூலக் காட்சிகளே வேண்டுமென்று எடிட்டர் சொன்னால் இரண்டு வழிகள் உண்டு. அப்லோடும் 100 எம்பிபிஎஸ் தரும் ஃபைபர் இணைப்புள்ள நண்பரின் அலுவலகத்துக்கு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் சென்றால், ஒரே இரவில், எட்டு மணி நேரமோ சற்றுக் கூடுதலோ எடுத்து, வேலை முடியும். மற்றொன்று கூரியர். இதைப் பழங்கால வழி என்று ஒதுக்க வேண்டாம். கருந்துளையின் முதல் படத்தை 2019இல் வெளியிட்ட ஈவன்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் குழுவினர், 2017 ஏப்ரலில் பதிவு செய்த தரவுகளை ஹார்ட் டிஸ்க்குகளில் நிரப்பி விமானத்தில்தான் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் கொண்டு சென்றார்கள். தென் துருவத்தில் உள்ள தொலைநோக்கியின் டிஸ்க்குகள், அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தன.

கூரியரில் அனுப்புவதானால், அதிர்வைத் தாங்கும் எஸ்எஸ்டி வகை டிஸ்க்கை வாங்கி, விண்டோஸும் மேக்கும் படிக்கக்கூடிய எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்து, கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, அந்தக் கடவுச்சொல்லை டிஸ்க்கோடு வைக்காமல் போனில் சொல்லுங்கள். அது பயணத்தில் இருக்கும் நாள்களில் எடிட்டர் ப்ராக்ஸிகளில் வேலையைத் தொடங்கியிருப்பார். படத்தின் இறுதி வடிவம் மணமக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வரும்வரை, அடுத்த முகூர்த்தத்துக்கு வேண்டுமே என்று கேமராவின் மெமரி கார்டுகளை அழித்துவிடாதீர்கள்.