ஆன்டி-அலியாசிங் ஃபில்டர் இல்லாத கேமரா வாங்கினால் படம் நிஜமாகவே கூர்மையாக வருமா?

வரும். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வராது.

இரண்டு கேமரா பாடிகளின் விவரங்களை அருகருகே வைத்துப் பார்த்து, "லோ-பாஸ் ஃபில்டர்: இல்லை" என்ற வரியில் (ஆன்டி-அலியாசிங் ஃபில்டருக்கு இன்னொரு பெயர்) உங்கள் மனம் நின்றிருக்கிறது என்று நினைக்கிறேன். நானும் அந்த வரியை நம்பித்தான் வாங்கினேன்.

அந்த ஃபில்டர் சென்சாருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய படிகத் தகடு. ஒரு புள்ளியாக வரும் ஒளியை நான்காகப் பிரித்துப் பக்கத்துப் பிக்சல்களிலும் விழ வைக்கும். காரணம் இருக்கிறது. சாதாரண பேயர் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே நிறத்தைத்தான் பார்க்கிறது: நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மற்ற நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களை வைத்து ஊகிக்கிறார்கள். பிக்சல் வரிசையால் பிரித்தறிய முடியாத அளவு நெருக்கமான கோடுகள் விழுந்தால் அந்த ஊகம் தப்பிவிடும். இல்லாத பட்டைகளும் இல்லாத நிறங்களும் முளைக்கும். அதுதான் மொய்ரே. ஒளியைச் சற்றுப் பரப்பி ஃபில்டர் அதைக் குறைக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்காக ஒருவரை எடுத்தேன். நெருக்கமாக நெய்த சாம்பல் நிறக் கோட்டு. கேமராத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது இடது கை முழுக்க இளஞ்சிவப்பும் பச்சையுமாக வளைந்த பட்டைகள், தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல. துணி மடிந்த இடத்தில் மறைந்து, விரிந்த இடத்தில் மறுபடி வந்தன. கண்ணிமை முடிகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி இருந்தன, உண்மைதான். கோட்டுதான் பாழ். மூன்று இரவு உட்கார்ந்தேன். நிறத்தை எடிட்டிங் மென்பொருளின் பிரஷ்ஷால் வெளுக்க முடிந்தது. வெளிச்சமும் இருளுமாக இருந்த பட்டைகள் போகவே இல்லை. எது துணியின் கோடு, எது பொய்க் கோடு என்று பிரிக்க அந்தக் கோப்பில் தகவலே கிடையாது. ஃபில்டரால் வரும் மென்மையை ஷார்ப்பனிங்கில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். இதை மீட்க முடியாது. நான் இவ்வளவு எழுதுவது இதற்காகத்தான்.

அந்தப் படம் அச்சாகி வந்தது. வடிவமைத்தவர் பெயர், அச்சிட்டவர் பெயர் எல்லாம் இருந்தது. எடுத்தவர் பெயர் இல்லை. கேட்டதற்கு "இடம் போதவில்லை" என்றார்கள். ஒரு வரிக்கு இடம் இல்லையா? கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கும் பலருக்கும் இது நடக்கிறது.

நிலக்காட்சி எடுப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பாறையிலும் இலையிலும் சீராகத் திரும்பத் திரும்ப வரும் வடிவம் குறைவு. உங்களுக்கு ஃபில்டர் இல்லாத பாடி நல்லதுதான். பிக்சல்கள் சிறிதாகச் சிறிதாகத் தொல்லை குறையும் என்பதும் சரி, ஆனால் அடியோடு ஒழியாது. 2012-ல் நிக்கான் டி800, டி800இ என்று 36 மெகாபிக்சலில் இரண்டு பாடிகளை விட்டது. 'இ'-யில் ஃபில்டரைக் கழற்றிவிட்டதாகப் பலர் இன்னும் சொல்கிறார்கள். கழற்றவில்லை, முதல் தகடு பிரித்ததை இன்னொரு தகடு மறுபடி சேர்த்தது. 2014-ல் வந்த டி810-ல்தான் முழுவதும் எடுத்தார்கள். பென்டாக்ஸ் கே-3 வேறு வழியில் போனது: தேவைப்பட்டால் படம் எடுக்கும்போது சென்சாரையே நுணுக்கமாக அதிரவைத்து, ஃபில்டரின் வேலையைச் செய்தது.

வாங்குவதற்கு முன், இப்போது இருக்கும் கேமராவை ட்ரைபாடில் வைத்து, லென்ஸ் துளையை எஃப்/5.6-ல் வைத்து, டைமர் போட்டு ஒரு படம் எடுங்கள். அது ஷார்ப்பாக வந்தால் உங்கள் பிரச்சினை கை அதிர்வு, ஃபில்டர் அல்ல.

பழைய டிஎஸ்எல்ஆரில் ஃபில்டரைக் கழற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்கிறீர்களா? அதற்கு ஈடான கண்ணாடி போடுவார்களா என்று முதலில் கேளுங்கள். போடாவிட்டால் ஒளி குவியும் இடமே நகர்ந்து, ஆட்டோஃபோகஸ் தப்பும்.

ஃபில்டர் இல்லாததையே வாங்கிவிட்டால், துணி எடுக்கும்போது அங்கேயே முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை தெரிந்தால் ஓரடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்து இன்னொன்று எடுங்கள், அல்லது லென்ஸ் துளையை எஃப்/16-க்குச் சிறிதாக்குங்கள். நான் அன்று அந்த ஓரடி நகரவில்லை.