வீரர்களைக் கடுமையாக நடத்தினார் என்று ஒரு கால்பந்துக் கோச்சைத் திடீரென்று வீட்டுக்கு அனுப்புவது நியாயமா?

"கண்டிப்பு இல்லாமல் வீரன் உருவாவானா?" என்றும் கேள்வியோடு சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் பையனும் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான், அவன் கோச் போய்விட்டார், அந்தக் கோபம் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும்.

நாங்கள் இருப்பது மேரிலாந்தில். இங்கே இந்தப் பேச்சு எடுத்தாலே 2018தான். மேரிலாந்து பல்கலைக்கழக அணியில் ஜோர்டன் மெக்நேர் என்று 19 வயதுப் பையன். மே 29 அன்று 110 கஜ ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டபோது தள்ளாட ஆரம்பித்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உடம்புச் சூடு 106 டிகிரி. ஜூன் 13 அன்று இறந்துவிட்டான். இந்த மாதிரி ஹீட் ஸ்ட்ரோக்கில் உடனே ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்துச் சூட்டை இறக்கினால் அநேகமாகப் பிழைத்துவிடுவார்கள். அதை யாரும் செய்யவில்லை.

'திடீர்' என்கிறீர்களே, தலைமைக் கோச் டி.ஜே. டர்கினை விடுப்பில் அனுப்பியதே ஆகஸ்டில், பத்திரிகையில் நாறிய பிறகு. வீரர்கள் வாய் திறக்கப் பயந்தார்கள் என்று விசாரணைக் குழு எழுதியது. அதற்கப்புறமும் அக்டோபர் 30 அன்று அவரைத் திரும்பச் சேர்த்தார்கள்! கவர்னர் வரை எதிர்ப்பு கிளம்பவும் மறுநாள் நீக்கினார்கள். ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது 50 லட்சம் டாலருக்கு மேல். பையனின் குடும்பத்துக்கு 2021இல் 35 லட்சம். டர்கினும் பிறகு வேறு பல்கலைக்கழகங்களில் கோச்சாகிவிட்டார், நடுத்தெருவில் நிற்கவில்லை.

என் பையன் பள்ளி அணியில் லைன்மேன், அதாவது முன்வரிசையில் நின்று மோதுகிறவன், ஆள் வாட்டசாட்டம். மெக்நேரும் லைன்மேன்தான், அதனால் எனக்கு உதறல். ஆகஸ்ட் பயிற்சி முடிந்து அழைத்துவரப் போனபோது ஐஸ் தொட்டி எங்கே என்று அவன் கோச்சிடம் கேட்டேன். சாமான் கொட்டகையைக் காட்டினார். தொட்டி இருந்தது. உள்ளே ஆரஞ்சுக் கூம்புகள், பஞ்சு பிதுங்கிய இடிப்பு மெத்தை, மேலே சுருட்டிப் போட்ட ஹோஸ். "இதுவரை தேவைப்பட்டதில்லை" என்றார். வண்டியில் வரும் வழியெல்லாம் பையன், "ஏம்மா என் மானத்த வாங்குற" என்று சண்டை. அந்தச் சண்டையில்தான் இன்னொன்றும் வாயிலிருந்து வந்தது: ஒருவன் ஓட்டத்தை நிறுத்தினால் அணி மொத்தமும் இன்னொரு சுற்று ஓட வேண்டுமாம். அப்புறம் எவன் "முடியல கோச்" என்பான்? பக்கத்தில் ஓடுகிறவனே சும்மா விடமாட்டான்.

சீசன் தொடங்கும் முன்பே அந்தக் கோச் போய்விட்டார். சொந்தக் காரணங்கள் என்று பள்ளியிலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல், அவ்வளவுதான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எல்லார் கண்ணும் என் மேல். அவர் மேல் பள்ளிக்குப் புகார் எழுதியது நான் இல்லை. எழுதியவர்கள் யாரென்று தெரியும், சொல்ல மாட்டேன். நான் எழுதியிருந்தால் மறைத்திருக்கவும் மாட்டேன். அந்தக் கோச் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, என் பையனுக்கு இன்றைக்கும் அவரைப் பிடிக்கும்.

இதில் நம்மவர்கள் வேறு. "ஸ்பெல்லிங் பீ போட்டி, கணக்கு என்று சேர்த்துவிடாமல் ஃபுட்பால் எதற்கு?" என்பார்கள். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் படிப்பில் பரிசு வாங்கிய பிள்ளைகளை மேடையேற்றிச் சால்வை போடுவார்கள். என் பையனுக்குப் பொங்கல் விழாவில் நாற்காலி அடுக்கும் வேலை. பலசாலிதானே என்று சிரிப்பு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் விட மனசு வரவில்லை.

சரி, உங்கள் விஷயம். கத்தினார், திட்டினார் என்பதற்காக மட்டும் ஒருவரை அனுப்பினால் நானும் சண்டைக்கு வருவேன். பள்ளியிடம் கேட்காதீர்கள், மழுப்புவார்கள். முடியவில்லை என்று ஒருவன் சொன்னால் அங்கே என்ன நடக்கும் என்று உங்கள் பையனைத் தனியாகக் கேளுங்கள். "ஒன்னும் ஆகாது, போய் உட்காரலாம்" என்று அவன் யோசிக்காமல் சொன்னால், அவரைத் திரும்பக் கூப்பிடும் மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.