பாப்பா கேட்பது கணக்குப்பிள்ளை வேலை

அன்புள்ள அண்ணனுக்கு,

கடைசியாகக் கேட்டிருந்த கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் கணக்குப் போடச் சொல்லித் தருவதாகச் சொல்லும் அந்த மூன்று மாத ஆன்லைன் வகுப்பில், ஒன்றரை லட்சம் கட்டி உங்கள் மகள் பாப்பாவைச் சேர்க்க வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் காலநிலை சம்பந்தமான வேலைக்குப் போக வேண்டும் என்கிற அவளை "போகாத ஊருக்கு வழி கேட்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. அந்த வேலை இருக்கிறது. ஆள்தான் போதவில்லை.

மரம் நடுகிற வேலையா, கொடி பிடிக்கிற வேலையா என்று குழம்பியிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. நாட்டுக்குக் கணக்குப்பிள்ளை வேலை. 2015இல் பாரிஸில் உலக நாடுகள் காலநிலை ஒப்பந்தம் போட்டன அல்லவா, அதன் 13ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு வெளியானது, அதை எப்படிக் கணக்குப் போட்டது என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஜெர்மனியின் பான் நகரில் இருக்கும் ஐ.நா. செயலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நிபுணர்கள் அதைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். புதிய முறைப்படி முதல் அறிக்கைக்குக் கெடு 2024 டிசம்பர் 31 ஆக இருந்தது.

அதற்கு முன்னாலும் நாம் கணக்குக் கொடுக்காமல் இல்லை. 2004, 2012, 2023 ஆகிய ஆண்டுகளில் பெரிய அறிக்கைகள், நடுநடுவே சிறிய அறிக்கைகள். 2024 டிசம்பர் கடைசியில் பழைய முறைப்படி கொடுத்த அறிக்கையில் 2020ஆம் ஆண்டின் கணக்கு இருக்கிறது: காடுகள் உறிஞ்சியதைக் கழிக்காமல் 295.9 கோடி டன். எல்லா வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக மாற்றிச் சொன்ன கணக்கு இது. அதில் முக்கால் பங்கு எரிசக்தி. விவசாயம் ஏறக்குறைய 14 சதவீதம். ஆலைகளில் எரிபொருள் போக மற்ற வேதிமாற்றங்களால் வருவது 8 சதவீதம். மிச்சம் குப்பையும் கழிவுநீரும்.

இதில் அந்த 14 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால் நம்ம வாடிப்பட்டி விஏஓ அலுவலகத்துக்கே வந்து நிற்போம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பாப்பாவின் வேலை எங்கே இருக்கிறது என்பது அதில் தெரியும்.

நெல் வயலில் தண்ணீர் கட்டி நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்று இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. எவ்வளவு? சொந்தமாக அளந்த எண் இல்லாத நாடுகளுக்கென்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி ஒரு பொது எண் கொடுத்திருக்கிறது. தண்ணீர் எப்போதும் நிற்கும் வயலுக்கு, ஒரு ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 1.30 கிலோ மீத்தேன் என்று 2006 வழிகாட்டி சொன்னது. 2019இல் திருத்தியபோது தெற்காசியாவுக்கு 0.85 என்றார்கள். சோழவந்தானில் 120 நாள் பயிர் ஒரு ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். பழைய எண்ணைப் போட்டால் 156 கிலோ, புதியதைப் போட்டால் 102 கிலோ. வயல் அதே வயல்தான். அதே வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பலமுறை காயவிட்டு நீர் கட்டியிருந்தால் இதிலும் ஏறக்குறைய பாதிதான் வரும்.

ஆக, எந்த எண்ணை எடுத்தோம், ஏன் எடுத்தோம், நிலத்தின் பரப்பு எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்பதை எல்லாம் எழுதி வைக்காவிட்டால் அந்த 295.9 கோடியை யாரும் நம்ப மாட்டார்கள். வெளிப்படைத்தன்மை என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான். நெல்லுக்கு இந்தியா பொது எண்ணை நம்பி இல்லை, நீர் கட்டும் முறைவாரியாகச் சொந்தமாக அளந்த எண்களை வைத்திருக்கிறது. அப்படி அளப்பது லேசான காரியம் இல்லை. பயிர் மேல் கண்ணாடி போன்ற பெட்டியைக் கவிழ்த்து, கால் மணி, அரை மணி இடைவெளியில் ஊசிக்குழாயால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் கேஸ் குரோமடோகிராஃப் என்ற கருவியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். நடவிலிருந்து அறுப்பு வரை இதே வேலை.

சரி, எண் கிடைத்துவிட்டது. அதை எதால் பெருக்குவது? பரப்பால். அந்தப் பரப்பு அடங்கல் என்ற கிராமப் பயிர்ப் பதிவேட்டில் இருக்கிறது. சர்வே எண், பயிர், பரப்பு, நீர் ஆதாரம் எல்லாம் விஏஓ பதிகிறார். அவை மேலே ஏறி, மாநிலத்தின் பொருளியல் புள்ளியியல் துறை வெளியிடும் பருவம் மற்றும் பயிர் அறிக்கையாகின்றன. ஆனால் வயலை எத்தனை தடவை காயவிட்டார்கள் என்பதற்கு அடங்கலில் இடம் இல்லை. பெரியாறு பாசனத்தில் தண்ணீர் குறைந்த வருடம் முறை வைத்துத்தான் விடுவார்கள், அந்த வருடம் மேலூர்ப் பக்கம் வயல்கள் தானாகவே காயும். மதகைத் திறந்த தேதி, மூடிய தேதி எல்லாம் நீர்வளத் துறையிடம் இருக்கும். அந்தப் பதிவையும் அடங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த வட்டத்தில் இவ்வளவு ஹெக்டேர் இத்தனை தடவை காய்ந்தது என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் வேண்டும். புள்ளியியல் தெரிந்த, தாலுகா அலுவலகத்தில் போய்ப் பேசத் தெரிந்த, தமிழ்ப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த ஆள். டெல்லியில் ஏசி அறையில் இருப்பவரால் இது ஆகாது.

குப்பையிலும் இதே கதைதான். மாநகராட்சிக் குப்பை போகிற வெள்ளக்கல் கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முறையாகப் பராமரிக்காத குப்பை மேட்டின் ஆழம் 5 மீட்டருக்குக் கீழே என்றால் மீத்தேன் கணக்கில் 0.4 என்ற எண்ணால் பெருக்கச் சொல்கிறது ஐபிசிசி. 5 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் 0.8. அளவு நாடா பிடித்துப் பார்க்காமல் குத்துமதிப்பாக எழுதினால் விடை இரண்டு மடங்கு மாறிவிடும்.

நாட்டின் திறனை வளர்ப்பது என்று கூட்டங்களில் பேசுவது கடைசியில் இந்த மாதிரி ஆட்களை உருவாக்கி, நிலையாக வைத்துக்கொள்வதில்தான் வந்து நிற்கிறது. வளரும் நாடுகள் பலவற்றில் அறிக்கைக்கு முந்தின வருடம் ஆலோசகர்களை அமர்த்துவார்கள். அறிக்கை போனதும் அவர்களும் போய்விடுவார்கள், கணக்குப் போட்ட எக்செல் கோப்பும் அவர்கள் லேப்டாப்போடு போய்விடும். அடுத்த தடவை மறுபடி அரிச்சுவடியிலிருந்து. இதைச் சரிசெய்யவே பாரிஸ் முடிவின்படி உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் கீழ் தனியாக ஒரு திறன் வளர்ப்புத் திட்டம் தொடங்கினார்கள். வளரும் நாடுகளுக்குச் சில இடங்களில் சலுகையும் உண்டு. ஆனால் சும்மா கிடைக்காது. எது முடியவில்லை, ஏன் முடியவில்லை, எந்த வருடத்துக்குள் சரிசெய்வோம் என்று எழுதித் தர வேண்டும். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். நம்ம ஊர் அலுவலகங்கள் பலவற்றுக்கும் இதைக் கொண்டுவரலாம்.

இப்போது வேலைக்கு வருவோம். நீங்கள் அரசு வேலை என்கிறீர்கள், பாப்பா இது என்கிறாள். இரண்டும் ஒரே திசையில்தான் இருக்கின்றன. பிஎஸ்சி கணிதம் முடிக்கிறாள், புள்ளியியல் துணைப்பாடம் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்து எம்எஸ்சி புள்ளியியல் படிக்கட்டும். டிஎன்பிஎஸ்சி புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்கு நடத்தும் தேர்வும், யுபிஎஸ்சியின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் அவளுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். தகுதி விவரத்தை அந்தந்த வருட அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், துணைப்பாடம் விஷயத்தில் சிலருக்குச் சிக்கல் வருவதுண்டு. பயிர்ப் பரப்பும் மற்ற புள்ளிவிவரங்களும் இந்தத் துறைகள் வழியாகத்தான் போகின்றன. அங்கே உட்கார்ந்துகொண்டு இந்தக் கணக்கும் தெரிந்தவளாக இருந்தால் அவள் மதிப்பே வேறு.

ஆராய்ச்சி நிறுவனங்கள் இன்னொரு வழி. தேசிய அறிக்கைக்குக் குப்பைக் கணக்கை நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி செய்கிறது, அதற்குச் சென்னையிலும் ஒரு மையம் உண்டு. நெல் கணக்கு டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில். இங்கே திட்டப் பணியாளராகச் சேரலாம். நெட் அல்லது கேட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் ஆனால் மாதம் 37,000 ரூபாயும் வாடகைப்படியும். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இவை திட்டம் முடிந்தால் முடிந்துபோகும் வேலைகள். மூன்று வருடத்துக்குப் பிறகு என்ன என்ற யோசனையோடுதான் சேர வேண்டும். நம் மாநிலத்திலேயே முதலமைச்சரின் பசுமை ஃபெல்லோஷிப் என்று மாவட்டவாரியாக ஆள் எடுத்த திட்டம் ஒன்றும் உண்டு. அந்த மாதிரி அறிவிப்புகளையும் கவனித்து வரட்டும்.

சம்பளம் சீக்கிரம் ஏறுவது கம்பெனிகளில். சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் ஆண்டறிக்கையோடு இந்த வாயு உமிழ்வுக் கணக்கையும் தர வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. சிமெண்ட், அலுமினியம், காகிதம் போன்ற துறை ஆலைகளுக்கு ஒன்றிய அரசு 2025இல் உமிழ்வு இலக்கே வைத்துவிட்டது. விருதுநகர், அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் இருப்பது உங்களுக்கே தெரியும். ஐரோப்பாவுக்கு இரும்பும் அலுமினியமும் அனுப்புகிறவர்கள் 2023 அக்டோபரிலிருந்து கணக்கு காட்டி வருகிறார்கள், 2026 முதல் இறக்குமதியாகும் சரக்குக்கு அங்கே வாங்குகிறவர்கள் வரியும் கட்ட வேண்டும். நூலுக்கு அந்த வரி இல்லை. ஆனாலும் வெளிநாட்டு வாங்குபவர்கள் மில்களிடம் இந்தக் கணக்கைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் மில் அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

விசாரிக்கப் போகும்போது பாப்பாவுக்கு ஒரு காரியமும் செய்யலாம். முதலாளியிடம் அனுமதி கேட்டு, ஒரு வருட மின்வாரிய பில்லையும் ஜெனரேட்டர் டீசல் கணக்கையும் வாங்கிக் கொடுங்கள். கிரிட் மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மத்திய மின்சார ஆணையம் வருடாவருடம் சரியான எண்ணை வெளியிடுகிறது, அதை அவளே தேடி எடுக்கட்டும். டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ. ஒரு லட்சம் யூனிட் ஓடினால் 70 டன். பெருக்கல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். அதற்கப்புறம்தான் விஷயமே இருக்கிறது. மில்லுக்குக் கயத்தாறு பக்கம் சொந்தக் காற்றாலை இருந்தால் அந்த யூனிட்டை எப்படிக் காட்டுவது? ஒரு மாத பில் காணவில்லை என்றால் என்ன செய்வது? டீசலில் எவ்வளவு ஜெனரேட்டருக்கு, எவ்வளவு மில் வண்டிக்கு? ஒவ்வொரு முடிவையும் பக்கத்துக் கட்டத்தில் காரணத்தோடு எழுதி வைக்கட்டும். நாளைக்கு நேர்முகத் தேர்வில் அந்த ஒரு எக்செல் கோப்பை அவள் திறந்து காட்டினால், சான்றிதழ் நீட்டுகிறவர்களை விட முன்னால் நிற்பாள்.

ஒன்றரை லட்சம் வகுப்பு வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். அதில் சொல்லித் தருவதாகப் போட்டிருக்கும் ஐபிசிசி வழிகாட்டி ஐந்து தொகுதிகளும் இணையத்தில் இலவசம். கணக்குப் போடும் மென்பொருளையும் ஐபிசிசியே இலவசமாகத் தருகிறது. இங்கிலீஷில் இருக்கிறது, முதல் மாதம் தலை சுற்றும். குப்பைக்கான ஐந்தாம் தொகுதியில் தொடங்கச் சொல்லுங்கள், அதுதான் சின்னது. பொறியியல் படித்தவர்கள் என்றால் ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ நடத்தும் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வை எழுதச் சொல்லியிருப்பேன். கணிதம் படித்தவளுக்கு அந்த வழி இல்லை.

வெளியூர் அனுப்பத் தயங்குகிறீர்கள். எம்எஸ்சி வரை மதுரையைச் சுற்றியே பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு சென்னை, கோவை, ஒருவேளை நாக்பூர். டிஎன்பிஎஸ்சியில் வந்துவிட்டால் தமிழ்நாட்டை விட்டுப் போக வேண்டியதே இல்லை. இந்த விஷயத்தை அவளிடமே உட்கார்ந்து பேசுங்கள், எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்?

பாப்பாவை பி.எட். படிக்க வைக்கலாம் என்று அண்ணி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அது கையில் ஒரு தொழில். எம்எஸ்சி முடித்துவிட்டும் அதைப் படிக்கலாம், முதுகலை ஆசிரியர் பணிக்கு அப்படிப் படிப்பதுதான் உதவும். அதனால் இந்த வருடம் முதுகலைக்கு விண்ணப்பம் போடுங்கள். மிச்சமாகும் ஒன்றரை லட்சத்தில் நல்ல லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, மீதியை அவள் பெயரில் வங்கியில் போடுங்கள். மில் கணக்கை முடித்ததும் அந்தக் கோப்பை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.