பேச்சியம்மாள், தமிழரசன், சுதா, ரமேஷ்

மூத்தவள் பெயர் யாழினி, அடுத்த குழந்தைக்கு ரித்விக் அல்லது தன்விகா என்று வீட்டில் சொல்கிறார்கள், இரண்டு பெயரும் ஒட்டாமல் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ‘வீட்டில்’ என்பது உங்கள் புகுந்த வீடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூத்தவளுக்கு நீங்கள் வைத்தீர்கள், இது எங்கள் முறை என்கிறார்கள் போல. தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

ஓசை ஒட்டாவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. ஆனால் ஒரு பிள்ளைக்குக் கடமைக்காகவும் இன்னொரு பிள்ளைக்கு ஆசைக்காகவும் பெயர் வைத்தால் அது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது.

நாங்கள் நான்கு பேர். 1964-ல் பிறந்த நான் பேச்சியம்மாள், அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர். 1967-ல், தி.மு.க. ஆட்சிக்கு வந்த வருடம், தம்பி பிறந்தான். அப்பா அப்போது ஒரு மேடைப் பேச்சு விடாமல் கேட்டு வருவார். தம்பி தமிழரசன் ஆனான். 1971-ல் தங்கை. அதற்குள் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் படிக்க ஆரம்பித்திருந்தாள். அதில் வந்த பெயர்தான் சுதா. 1977-ல் பிறந்த கடைசித் தம்பிக்கு ரமேஷ் என்று பெயர் சொன்னது நான். தெருவில் ஏற்கனவே இரண்டு சுரேஷ் இருந்தார்கள்.

பதின்மூன்று வயதுப் பெண் எதற்கு அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டாள் என்றால், அதற்கு முந்தின வருடம்தான் சுதாவைப் பள்ளியில் சேர்த்தோம். என்னையும் அவளையும் சேர்த்து நிற்க வைத்து ஒரு டீச்சர், “உங்க ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாதானா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. கடைசிப் பிள்ளையின் பெயரையாவது கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய பெயரை மட்டம் தட்டுகிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பேச்சி எங்கள் குலசாமி. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அந்தக் காலத்து வீட்டில் பிள்ளைகளின் பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்தினவா என்று யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெயரும் மேலே இருந்த ஒருவரோடு பொருந்தினால் போதும். குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைத்த வீட்டில் அதற்கு முன் ஒரு பிள்ளை தங்காமல் போயிருக்கும். இதுவாவது நிலைக்கட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்த பிள்ளை குப்பம்மாள், பிச்சையாகக் கேட்டு வாங்கிய பிள்ளை பிச்சை. போதும்பொண்ணு என்ற பெயரைக் கேட்டால் மேலே எத்தனை அக்கா என்று கேட்கத் தோன்றும். அந்தப் பெயரைச் சுமந்த பெண்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறாது.

பெயர்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்களும் உண்டு. 1916-ல், வடமொழி கலக்காத தமிழ் வேண்டும் என்று தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய வேதாசலம், மறைமலையடிகள் ஆனதோடு நிற்கவில்லை. திருஞானசம்பந்தம், மாணிக்கவாசகம், சுந்தரமூர்த்தி என்றிருந்த தன் பிள்ளைகளை அறிவுத்தொடர்பு, மணிமொழி, அழகுரு என்று மாற்றினார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனாள். முன்பு சைவ அடியார்களாக ஒத்திருந்த பெயர்கள், பிறகு தமிழால் ஒத்திருந்தன. அதேபோல நாராயணசாமி, சீனிவாசன் என்ற அண்ணன் தம்பிதான் தி.மு.க.வில் பேர்பெற்ற நெடுஞ்செழியனும் இரா. செழியனும் ஆனார்கள். எங்கள் அப்பா இதையெல்லாம் பெருமையாகச் சொல்வார். என் பெயரை மட்டும் அவர் மாற்றவில்லை. ஆச்சி இருந்தாளே!

பெயர் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு வெளியே என்றாலும். அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு நான்கு பேரும் போனோம். என் பெயர் பள்ளிச் சான்றிதழில் பேச்சியம்மாள், ரேஷன் கார்டில் பேச்சி, வங்கிப் புத்தகத்தில் பேச்சியம்மா. “மூணும் ஒரே ஆள்னு எப்படி நம்புறது?” என்றார் அங்கிருந்தவர். நான்கு நடை, ஒரு நோட்டரி வாக்குமூலம். சுதாவிடமும் ரமேஷிடமும் ஒரு கேள்வி கிடையாது. அம்மாள் என்று எழுதுகிற பெயரைப் பேச்சில் அம்மா என்போம், சுருக்கிப் பேச்சி என்போம் என்பது அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்குத் தெரிய வேண்டாமா? அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அதனால் உங்களுக்கு ஒன்று. எந்தப் பெயர் வைத்தாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இனிஷியலையும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி முடிவு செய்யுங்கள். யாழினியின் ழகரத்தை எப்படி எழுதினீர்களோ அப்படியே எல்லாத் தாளிலும் இருக்கட்டும். நட்சத்திர எழுத்து பார்க்கிற குடும்பமென்றால் இப்போதே சண்டை போட்டுப் பயனில்லை. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. ரித்விக்கே அடிபட்டுப் போகலாம். பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை, அவசரப்பட வேண்டாம்.

அப்புறம், இதை எழுத உட்கார்ந்ததன் காரணம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் என் அம்மா என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏ, தமிழு”, “சுதா”, “ரமேசு” என்று வரிசையாகச் சாப்பிடக் கூப்பிடுவாள். எனக்கு “ஏளா, பெரியவளே”. ஆச்சி போன பிறகும் அவளுக்கு வாய் வரவில்லை. 1988-ல் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் நடு இரவு, கூட அம்மா மட்டும். நர்ஸ் வெளியே வந்து, “உங்க பொண்ணு பேரு என்னம்மா?” என்று அதட்டினார். அவளுக்குப் பதிலாகச் சொல்ல யாருமில்லை. “பேச்சியம்மா” என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் வலியோடு படுத்திருந்த எனக்கு அது கேட்டது. இருபத்து நான்கு வயதில் முதல் தடவை.

பெண் பிறந்தாள். என் மாமியார் வந்து, தன் பெயரான வடிவு என்பதை வைக்க வேண்டும் என்றார். சரி அத்தை, ஆனால் நானும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன் என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே, “சொல்லிக்கோ” என்றார். அதற்குப் பிறகு நான் “வடிவு” என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.