அந்த ஒன்றரை நிமிடம்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எனக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். எல்லோரும் உங்களுக்கு நாவல், சிறுகதை பற்றி எழுதுகிறார்கள். நான் அனிமே (ஜப்பானிய கார்ட்டூன் தொடர்) பாட்டைப் பற்றிக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'அனோஹானா' தொடரைச் சப்டைட்டிலோடு பார்த்தேன். கடைசி எபிசோடில் கண் கலங்கியது, அவ்வளவுதான், சமாளித்துவிட்டேன். பத்து நாள் கழித்து சென்னைக்கு ரயிலில் போகும்போது போனில் ஏதோ பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் அந்தத் தொடரின் இறுதிப்பாட்டு 'சீக்ரெட் பேஸ்' வந்தது. படம் இல்லை, கதை இல்லை, வெறும் பாட்டு. ஜோலார்பேட்டை தாண்டியதும் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ஊர்ல யாருக்காச்சும் ஏதாவது ஆயிடுச்சா தம்பி?" என்று கேட்டார்.

எனக்கு ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பிறகு 'ஸோன்' என்ற குழு பாடிய பழைய பாட்டையும் தேடிக் கேட்டேன். அதே மெட்டு, அதே வரிகள், ஒன்றுமே ஆகவில்லை. "அழ வைக்க ஃபார்முலா வச்சிருக்காங்கடா, சீரியல் மியூசிக் மாதிரிதான்" என்கிறான் நண்பன். அப்படியானால் நான் ஏமாந்துதான் அழுதேனா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? என் மகள் ப்ளஸ் டூ படிக்கும்போது அவளோடு உட்கார்ந்து நானும் அந்தத் தொடரைப் பார்த்தேன். கடைசி எபிசோடில் அவள் அழவில்லை. நான்தான் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல் எழுந்து போய், சமையலறையில் விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஸோன் பாடியதைக் கேட்டு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்களே, அங்கிருந்து தொடங்கலாம்.

ஸோன், சப்போரோவிலிருந்து வந்த பெண்கள் இசைக்குழு. பதின்ம வயதுப் பிள்ளைகள். 'சீக்ரெட் பேஸ்' 2001 ஆகஸ்டில் வெளிவந்து, ஒரு டிவி நாடகத்தின் பாட்டாகவும் ஓடிப் பெரிய வெற்றி பெற்றது. கோடை விடுமுறை முடிகிறது, இரண்டு நண்பர்கள் பிரிகிறார்கள், போன் செய்கிறேன், கடிதம் போடுகிறேன், பத்து வருடம் கழித்து ஆகஸ்டில் திரும்பவும் பார்ப்போம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பாட்டில் இருப்பது இவ்வளவுதான். யாரும் சாகவில்லை. 2005இல் குழு கலைந்துவிட்டது.

2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும். அடுத்த மாதமே, ஃபூஜி டிவியில் வியாழக்கிழமை பின்னிரவுகளில் அனோஹானா தொடங்குகிறது, இந்தப் பாட்டை இறுதிப்பாட்டாக வைத்து. 2001இல் பள்ளிக்கூடப் பையோடு இதைப் பாடித் திரிந்தவர்களுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். பாட்டு தவணை சொன்ன பத்து வருடம் பாட்டுக்கே கழிந்துவிட்டது. அந்த ஆகஸ்டில், பாடிய வாக்கைக் காப்பாற்றுவதுபோல் ஸோன் மறுபடி கூடியது. பழைய ஆட்கள் எல்லோரும் வரவில்லை. ஜப்பானியர்கள் அழ இதுவே போதும். ஆனால் இதெல்லாம் அவர்கள் வீட்டுக் கணக்கு. திருப்பூர்க்காரர் உங்களுக்கு இதில் பற்றும் கிடையாது, வரவும் கிடையாது.

உங்களை அழவைத்தது குரல். தொடரில் அந்தப் பாட்டைப் பாடுவது வேறு மூன்று பேர். கதையில் வரும் மென்மாவுக்குக் குரல் கொடுத்த ஐ கயானோ, அவள் தோழிகளில் அனாருவுக்குக் கொடுத்த ஹருகா டொமாட்சு, சுருகோவுக்குக் கொடுத்த சவோரி ஹயாமி. பின்னணிப் பாடகி யாரும் இல்லை. வசனம் பேசிய அதே தொண்டைகள்.

இப்போது கதையை நினைத்துப் பாருங்கள். மென்மா சின்ன வயதிலேயே இறந்துபோனவள். நண்பன் ஜின்டா ஒருவன் கண்ணுக்குத்தான் தெரிகிறாள், அவள் பேசுவது அவனுக்கு மட்டும்தான் கேட்கிறது. அனாரு அதே அறையில் இருப்பாள். மென்மா அவள் பக்கத்தில் வந்து நின்று பேசுவாள். அனாரு முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அப்படிப்பட்ட மூன்று பேர், ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் ஒன்றரை நிமிடம் ஒன்றாக நின்று பாடுகிறார்கள்! கதைக்குள் நடக்கவே வழியில்லாத காரியம். கடைசி எபிசோடில் அந்த நண்பர்களுக்குச் சில நிமிடங்கள் மட்டும் வாய்ப்பதை, முதல் வாரத்திலிருந்தே பாட்டு கொடுத்துக்கொண்டிருக்கிறது. பார்க்கும்போது நாம் இதை யோசிப்பதில்லை. நானும் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் பிடித்தேன். ஆனால் 11 எபிசோடு அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய காது, ஜோலார்பேட்டையில் படமே இல்லாமல் கேட்டாலும் "இது மென்மா" என்று கண்டுகொள்ளும். செத்துப்போனவள் தோழிகளோடு சேர்ந்து பாடுகிறாள் என்பதற்கு எந்த மொழியில் சப்டைட்டில் வேண்டும்? ஸோன் பாட்டில் மென்மா இல்லை, அதனால் நீங்கள் அழவில்லை.

நண்பர் சொல்கிற ஃபார்முலா? இருக்கிறது. வத்தக்குழம்புக்கும் ஃபார்முலா இருக்கிறது, எல்லார் வீட்டிலுமா அது வாய்க்கிறது? இதில் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன். யாரோ ஒருவர் வருடக்கணக்கில் அடக்கிவைத்ததைச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் பேசி முடிப்பதற்கு முன்பே, பின்னால் பாட்டின் தொடக்க இசை மெல்ல நுழைந்துவிடும். கடைசிச் சொல் விழுந்ததும் திரை மாறும், சுற்றிவளைக்காமல் நேராகப் பல்லவி. கதையில் நடப்பது ஒவ்வொரு வாரமும் வேறு, ஆனால் முடிகிற இடம் இப்படித்தான் இருக்கும். நாலைந்து வாரம் ஆனால், அந்த முதல் சில சுரங்கள் காதில் பட்டதுமே தொண்டை தானாக அடைக்கும், இன்னும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்றாலும். சீரியலில் வயலின் இழுப்பவர்கள் அந்த நிமிடத்துக்கு மட்டும் இழுக்கிறார்கள். இவர்கள் இரண்டரை மாதம் வாராவாரம் சேர்த்துவைக்கிறார்கள். வித்தியாசம் அந்தப் பொறுமையில்தான்.

இப்போது செயலிகளில் கதை முடிந்த நொடியே படம் சுருங்கி மூலைக்குப் போய், அடுத்த எபிசோடுக்கு எண்ணத் தொடங்கிவிடுகிறது. இறுதிப்பாட்டை முழுதாகக் கேட்கவே அவசரமாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள். அழுததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றும் சேர்த்துவைக்காமல், முதல் தடவை கேட்டதுமே அழவைக்கிற பாட்டும் உண்டு, மறுக்கவில்லை. 'டீமன் ஸ்லேயர்' தொடரின் 19ஆவது எபிசோடில் வரும், நாயகன் தஞ்சிரோவின் பாட்டு அப்படி. 2019இல் வந்தது. இசை கோ ஷீனா, குரல் நமி நககாவா. சண்டை உச்சத்தில் இருக்கும்போதே பாட்டு தொடங்கி, இறந்துபோன அம்மா, அப்பா, எரிகிற நெருப்பு எல்லாவற்றையும் ஒருசேர எடுத்துக்கொண்டு போகும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அழுகை வரவில்லை. உங்கள் வயதுக்காரர்கள் பலர் விம்மியிருக்கிறார்கள் என்று தெரியும்.

அடுத்து என்ன கேட்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், 'கிளனாட்'. ஜப்பானில் 'நகிகே' என்று ஒரு வகை வீடியோ கேம் உண்டு. 'நகி' என்றால் அழுகை, விளையாடுகிறவர் அழவேண்டும் என்றே எழுதப்படுவது. அந்த வகையில் பேர்போன கீ நிறுவனம் 2004இல் கொண்டுவந்த கேமிலிருந்து எடுத்த தொடர் இது. அதில் ஜுன் மயேடா என்பவர் கதையும் எழுதுவார், மெட்டும் போடுவார். 2007இல் தொடங்கிய முதல் பருவத்தின் இறுதிப்பாட்டு 'டாங்கோ டைகஸோகு'வும் அவர் எழுதியதுதான். டாங்கோ என்பது அரிசிமாவு உருண்டை, நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். உருண்டைகளின் பெரிய குடும்பம் என்று குழந்தைப் பாட்டாகப் போகும். (1999இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கேயின் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றிலிருந்து வந்த டாங்கோ சகோதரர்கள் பாட்டு கிட்டத்தட்ட 30 லட்சம் பிரதி விற்றது. அந்த மோகத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் கேலி இன்னும் நன்றாகப் புரியும்.) முதலில் கேட்கும்போது உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். என் மகள் வீட்டில் அதைப் பாடிக்கொண்டே தட்டு கழுவினாள். இரண்டாம் பருவம் பார்த்து முடித்த பிறகு அந்தப் பாட்டை அவள் வாயில் நான் கேட்கவில்லை. ஏன் என்று சொல்லமாட்டேன், பாருங்கள். ரயிலில் மட்டும் வேண்டாம்.

அந்தப் பெரியவர் கேட்டதை எழுதினீர்கள். அவருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே?